வராத கல்லுக்கு ஒரு கட்டை

அக்டோபர் 14, சனி

வந்து சேர்ந்தேன். கோத்தகிரியிலிருந்து ஜீப்பில் இரண்டு மணி நேரம், பாதி வழி பனிமூட்டம். தங்குவதற்குக் கொடுத்திருப்பது மூடிக்கிடக்கும் தேயிலைத் தொழிற்சாலையின் பழைய குமாஸ்தா குவார்ட்டர்ஸ். ஒரு அறை, ஒரு கட்டில், ஒரு குளியலறை, அதில் ஒரு தவளை. தவளைக்கு என்னைப் பிடிக்கவில்லை, எனக்கும் அதைப் பிடிக்கவில்லை. யார் முதலில் கிளம்புகிறோம் என்று பார்க்கலாம்.

வேலை இதுதான். எதிர்ச் சரிவில் லைன் வீடுகள் இருக்கின்றன. ஒட்டினாற்போல் வரிசையாக, ஒழுகும் தகரக் கூரையோடு. இலங்கை மலையகத்திலிருந்து திரும்பி வந்தவர்களும் அவர்கள் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளுமாக நாற்பது குடும்பம். பக்கத்துச் சரிவில் இவர்களுக்குப் புது வீடு கட்டித்தர இடம் ஒதுக்கியிருக்கிறார்கள். அந்த மண்ணுக்கு அடியில் பாறை எங்கே இருக்கிறது, வீட்டைத் தாங்குமா, மழையில் நகருமா என்று துளையிட்டுப் பார்த்து நான் அறிக்கை தர வேண்டும். சரி என்றால் தை மாதம் அஸ்திவாரம். இல்லை என்றால் இவர்கள் மறுபடி வரிசையின் கடைசியில் போய் நிற்க வேண்டும்.

எனக்கு டைரி எழுதும் பழக்கம் கிடையாது. வெளியூர் வேலைக்கு வந்தால் இருட்டியதும் கோமதிக்குப் போன் செய்வேன். எடுத்தவுடன் "இன்னைக்கு என்ன கல்லு?" என்பாள். சொல்வேன். பள்ளியில் யார் முட்டியைப் பெயர்த்துக்கொண்டான் என்று அவள் சொல்வாள். பேச்சு முடிந்தது என்பதற்கு விசிலை எடுத்து ஒரு ஊது ஊதிவிட்டு வைப்பாள். பி.டி. டீச்சர். திருச்சியில் பதினேழு வருடமாக என் ரூம்மேட். வாடகையைப் பாதிப் பாதி போட்டுக்கொள்வோம்.

ஜூலையில் இறந்துவிட்டாள். அந்த நேரம் இப்போது சும்மா கிடக்கிறது, அதனால் எழுதுகிறேன்.

அக்டோபர் 16, திங்கள்

துளையிடும் ரிக் வந்தது. டிரில்லர் பெயர் வேலாயுதம், திருச்செங்கோட்டுக்காரர். இருபது வருடம் போர்வெல் போட்டவர், பாறைத் துளைக்கு வந்து சில வருடங்கள்தான் ஆகிறதாம். கூட இரண்டு ஆட்கள். மூவருக்கும் எனக்கும் சமையல் லைனிலிருந்து யோகம்மா. அறுபது வயது இருக்கும். நான் இன்ஜினியர் இல்லை, கல்லைப் பார்க்கிறவள் என்று சொன்னேன். "சரிங்க, இஞ்சினியரம்மா" என்றாள்.

ரிக்குக்குப் பூசை போட்டார்கள். லைனே கிளம்பி வந்து மஞ்சள், குங்குமம், எலுமிச்சம்பழம் என்று அமர்க்களப்படுத்தியது. போர்வெல்லுக்கு நல்ல தண்ணீர் வேண்டும் என்று கும்பிடுவதைப் பார்த்திருக்கிறேன். கல் வேண்டும் என்று கும்பிடுவதை இன்றுதான் பார்த்தேன்.

"நல்ல கல்லா எடுத்துக் குடுங்க தம்பி," என்று யோகம்மா வேலாயுதத்திடம் சொன்னாள். "என் மருமக இந்த மழையோட போயிரணும்னு இருக்கா, தாய் வீட்டுக்கு. புது வீடு வருதுன்னு சொல்லித்தான் நிப்பாட்டி வச்சிருக்கேன்."

"எடுத்துப்போடலாமுங்கம்மா," என்றார் அவர், ஏதோ கடையில் எடுத்துத் தருகிறவர் மாதிரி.

அக்டோபர் 18, புதன்

முதல் துளையில் பாறை வந்துவிட்டது. சார்னோக்கைட். ஊரில் கருங்கல் என்போம். கோமதி இதற்கு வைத்த பெயர் ஹெச்.எம். எப்போதும் கறுத்த முகம், எதற்கும் சிரிக்காது.

ஒருமுறை அவள் கேட்டாள், எல்லாக் கல்லும் எரிமலையிலிருந்துதானே வருகிறது என்று. அன்று போனிலேயே ஒரு மணி நேரம் வகுப்பெடுத்தேன். உருகியது ஆறினால் ஒரு வகை. மண்ணும் மணலும் சிப்பியும் தண்ணீருக்கு அடியில் படிந்து, மேலே மேலே சுமை ஏறி இறுகினால் இன்னொரு வகை. இந்த இரண்டில் எதையாவது பூமி உள்ளே இழுத்துப்போய், முழுக்க உருகவும் விடாமல், நசுக்கிச் சூடாக்கி வைத்திருந்தால் அது வேறு ஆளாகிவிடும், அது மூன்றாவது வகை. ஹெச்.எம். அப்படி ஆனவர். இருநூற்றைம்பது கோடி வருடத்துக்கு முன்னால் பூமிக்குள் இருபது, முப்பது கிலோமீட்டர் ஆழத்தில் இருந்தார். மேலே இருந்த மலையெல்லாம் தேய்ந்து தேய்ந்து போக, கொஞ்சம் கொஞ்சமாக மேலே வந்து இப்போது தேயிலைக்கு அடியில் நிற்கிறார். "அவ்வளவு அழுத்தத்துல இருந்தா யாருக்குத்தான் சிரிப்பு வரும்" என்றாள் கோமதி.

துளைக்கிற குழாய் பாறையை உருளையாக அறுத்து மேலே கொண்டுவரும். அதற்குக் கோர் என்று பெயர். மரப்பெட்டியில் புத்தகம் படிக்கிற வரிசையில் அடுக்குவோம். இதில் ஒரு விதி உண்டு. எங்கே பாறை இளகியிருக்கிறதோ அங்கே துளைக்கும் தண்ணீரில் அது கரைந்துவிடும், மேலே எதுவும் வராது. அப்படி வராமல் போனால், போன நீளத்துக்கு ஒரு மரக்கட்டையை வெட்டி அந்த இடத்தில் வைத்து, எங்கிருந்து எதுவரை என்று அதன்மேல் எழுத வேண்டும். படிக்கிற காலத்தில் எங்கள் வாத்தியார் சொல்வார், கல்லைப் பார்ப்பதற்கு முன்னால் கட்டையைப் பார் என்று.

இன்று ஒரு சாண் நீளத் துண்டு ஒன்று வந்தது. அதில் கார்னெட், சிவப்பு மணிகள். எப்போதோ கடலடியில் படிந்த சேறு, உள்ளே போய் மாறும்போது இப்படி மணியாகத் திரளும். மூன்று மணி ஒரே வரிசையில், நான்காவது மட்டும் கொஞ்சம் விலகி. நேர் நில் என்று கத்தினாலும் வரிசையில் நிற்காத பையன் ஒருவன் எல்லா வகுப்பிலும் உண்டு, அவன்தான். தண்ணீரில் நனைத்து நனைத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒவ்வொரு வேலையிலும் ஒரு கல் கொண்டுபோவது வழக்கம். எங்கள் வீட்டு ஜன்னல் விளிம்பில் அப்படி ஒரு வரிசை இருக்கிறது. ஓடும் ஜீப்பில் விழாமல் மடியில் வைத்துக்கொண்டு போயிருக்கிறேன்.

யாருக்குக் கொண்டுபோவது? பெட்டியிலேயே திரும்ப வைத்துவிட்டேன்.

அக்டோபர் 19, வியாழன்

மழை. தவளை இருக்கிறது.

அக்டோபர் 22, ஞாயிறு

ரிக் பக்கத்தில் உள்ள மேட்டில் ஏறினால்தான் போன் பேச முடியும். கோமதியின் தம்பி சங்கரன் சங்கரன்கோவிலிலிருந்து கூப்பிட்டான். நல்ல பிள்ளைதான். என்னை மேடம் என்பான்.

"மேடம், அக்கா சாமான எல்லாம் எடுத்துட்டுப் போயிருதோம். வார மாசம் அஞ்சாந்தேதி ஞாயித்துக்கெழம வண்டி சொல்லியாச்சு. ஒங்களுக்கும் எட அடைசல். நீங்க இருப்பீகல்லா?"

இருப்பேன் என்றேன். இங்கே இரண்டாம் தேதியோடு வேலை முடிந்துவிடும்.

"பீரோ, கட்டிலு, மிக்சி... எது அக்காவோடது, எது ஒங்களோடதுன்னு எங்களுக்குத் தெரியாது பாத்துக்கிடுங்க. கட்டிலு ரெண்டு கெடந்துச்சே, அதுல அக்காவோடது எது?"

நேரில் காட்டுகிறேன் என்றேன்.

இரண்டு கட்டில் உண்டு. இரண்டாவதை வாங்கியது வீடு மாறிய புதிதில். சின்ன அறையில் கிடக்கிறது. துவைத்த துணியை மடிக்கும்வரை போட்டுவைக்க வசதி.

அக்டோபர் 25, புதன்

மூன்று துளைகள் முடிந்தன. முதல் துளை மேட்டில், இரண்டாவது கீழே சுடுகாட்டுப் பக்கம், மூன்றாவது வாசல் ரோட்டை ஒட்டி. மூன்றிலும் பாறை கெட்டி. இனி இடத்தின் நட்டநடுவில் நான்காவது. அதுதான் முக்கியம், நாற்பதில் பாதி வீடு அதன்மேல்தான் வருகிறது.

பாறை ஆழத்தில் இருக்கும்வரை ஒரு கவலையும் இல்லை. மேலே வந்த பிறகுதான் வம்பு ஆரம்பிக்கும். விரிசலில் மழைத்தண்ணீர் இறங்கும். மூலைகள் முதலில் கரையும், பிறகு ஓரங்கள். கடைசியில் சிவப்புக் களிமண்ணுக்குள் உருண்டைப் பாறைகள் மட்டும் மிஞ்சும், குழம்பில் கிடக்கும் உருளைக்கிழங்கு மாதிரி. துளைக்கும்போது அப்படி ஒரு உருண்டையில் போய் முட்டிவிட்டு, அடிப்பாறை வந்துவிட்டது என்று ரிக்கைக் கழற்றியவர்கள் உண்டு. அந்தக் கட்டடங்களும் உண்டு, கொஞ்ச நாள்.

ரோட்டோர வெட்டில் இன்னொன்று பார்த்தேன். பாறையின் கோடு, நிறம், மணி எல்லாம் அப்படியே இருக்கும். கட்டைவிரலால் அழுத்தினால் மாவாக உதிரும். எங்கள் படிப்பில் அதற்கு நீளமாக ஒரு பெயர் இருக்கிறது. லைன் பிள்ளைகள் ஏமாத்துக்கல் என்கிறார்கள். அதைவிட நல்ல பெயர் கிடையாது.

கோமதியின் பள்ளியில் இரங்கல் கூட்டம் வைத்தபோது என்னையும் கூப்பிட்டிருந்தார்கள். ரூம்மேட் என்று மைக்கில் சொன்னார்கள். காபி கொடுத்தார்கள். "நீங்க தைரியமா இருக்கீங்க, பாத்தாலே தெரியுது" என்றார் ஒரு டீச்சர். ஆமாம், பார்த்தால் அப்படித்தான் தெரிந்திருக்கும். அவள் இறந்த மறுநாளே வேலைக்குப் போனேன். ரூம்மேட் செத்ததற்கு லீவு கேட்க எந்த விதியும் இல்லை.

அக்டோபர் 28, சனி

நான்காவது துளை. நேற்றும் இன்றும் எனக்குக் காய்ச்சல். பெட்டிகளை அறைக்கு வெளியில் கொண்டுவந்து காட்டினார் வேலாயுதம். ஐந்து மீட்டர் வரை மண், அதற்குக் கீழே பன்னிரண்டு வரைக்கும் விட்ட இடம் தெரியாமல் பாறை. ஒரு கட்டைகூட இல்லை.

"நல்ல கல்லுங்க மேடம்," என்றார். முகத்தில் சிரிப்பு இல்லை. களைப்பு என்று நினைத்துக்கொண்டேன்.

யோகம்மா கஞ்சி கொண்டுவந்தாள். கதவுக்கு வெளியில் நின்று பெட்டியையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு குனிந்து ஒரு துண்டைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். லைனில் யாரோ பட்டாசு வெடித்தார்கள். எனக்கும் மகிழ்ச்சியாகத்தான் இருந்தது. காய்ச்சலோடு படுத்துக்கொண்டு, இதைச் சொல்ல வேண்டும் என்று போனைக் கையில் எடுத்துவிட்டேன். எடுத்த பிறகுதான் நினைவு வந்தது.

அக்டோபர் 31, செவ்வாய்

காய்ச்சல் விட்டுவிட்டது. நாளை மறுநாள் கிளம்ப வேண்டும் என்பதால் நான்காவது துளையின் பெட்டிகளைக் கழுவி முறைப்படி எழுத உட்கார்ந்தேன். கல்லைத் தண்ணீரில் நனைத்தால்தான் அது வாயைத் திறக்கும்.

எட்டாவது மீட்டரில் ஒரு துண்டு. மூன்று சிவப்பு மணி ஒரே வரிசையில். நான்காவது விலகி.

கொஞ்ச நேரம் கையிலேயே வைத்துக்கொண்டிருந்தேன். இப்படி இன்னொன்று இருக்கக்கூடாதா என்று யோசித்துப் பார்த்தேன். இருக்கலாம். ஆனால் இந்தத் துண்டை நான் பார்த்த மாதிரி வேறெந்தக் கல்லையும் இந்த வருடம் பார்த்ததில்லை. தார்ப்பாயைத் தூக்கி முதல் துளையின் பெட்டியைப் பார்த்தேன். அதன் இடம் காலி. பக்கத்திலும் காலி. நான்காவது துளைத் துண்டுகளின் முனைகளை ஒன்றோடு ஒன்று வைத்துப் பார்த்தேன். உடைந்த கல் தன் மறுபாதியோடு பொருந்தும், அது பொய் சொல்லாது. இவை பொருந்தவில்லை.

நடுவில் பாறை இல்லை. உருண்டைகள், இடையில் களிமண். களிமண் தண்ணீரோடு போய்விட்டது, அதன் இடத்தில் என் கல் படுத்திருக்கிறது.

சாப்பிடப் பிடிக்கவில்லை.

நவம்பர் 1, புதன்

அந்தத் துண்டை எடுத்துக்கொண்டு ரிக்குக்குப் போனேன். வேலாயுதம் பார்த்தவுடன் கையில் இருந்த ஸ்பேனரைக் கீழே வைத்துவிட்டார்.

"இது எந்தத் துளை?"

"மொதத் தொளைங்க."

"நாலாவதில் என்ன வந்தது?"

"ஏழரைக்குக் கீழ ஒண்ணும் வரலீங்க மேடம். தண்ணி செவச்செவன்னு வந்துச்சுங்க. அப்பறம் ஒரு கல்லு, மறுக்கா ஒண்ணுமில்லீங்க."

"கட்டை எங்கே?"

போய் டூல்ஸ் பெட்டியிலிருந்து, ஒளித்து வைத்த கட்டைகளில் ஒன்றை எடுத்துவந்தார். முழங்கை நீளத்துக்குக் கொஞ்சம் அதிகம் இருக்கும், டூல்ஸ் பெட்டியில் அடங்கப் பாதியாக அறுத்து ஒன்றன்மேல் ஒன்று வைத்துக் கட்டியிருந்தார். எங்கிருந்து எதுவரை என்று பென்சிலால் எழுதியும் இருந்தது. வைத்துவிட்டுத்தான் எடுத்திருக்கிறார்.

"ஏன்?"

"அந்தம்மா தெனம் சோறு போடையில கேக்குதுங்க. இன்னைக்கு நல்ல கல்லு வந்துச்சாங்க தம்பின்னு. வந்துருச்சுங்கன்னு ஒரு நா சொல்லிப்போட்டனுங்க, வாய் தவறி. அந்தம்மா மருமவகிட்ட சொல்லிருச்சு, லைன் பூரா சொல்லிருச்சு. அப்பறம் வராமப் போனா என்ன பண்றதுங்க." சற்று நேரம் சரிவைப் பார்த்துக்கொண்டிருந்தார். "போருல தண்ணி வரலீன்னா நாங்க வேற எடத்துல போட்டுக் குடுத்துருவமுங்க. வெறுங்கையோட வந்ததில்லீங்க."

கோபம் வந்தது. திட்டினேன். அந்த வீடுகளில் மழையில் பிள்ளைகள் தூங்கும் என்று சொன்னேன். தலையை ஆட்டிக்கொண்டே நின்றார். சொன்ன பொய்யைக் காப்பாற்ற ஒரு பெட்டியையே அடுக்கியிருக்கிறார். என்ன செய்வது என்று எனக்குத் தெரியாமல் இல்லை. அதே இடத்துக்குப் பக்கத்தில் மறுபடி போட வேண்டும், இருபது மீட்டருக்காவது. ஒரு வாரம் ஆகும்.

ஒரு வாரம் என்றால் ஞாயிற்றுக்கிழமை திருச்சியில் இருக்க முடியாது.

நவம்பர் 2, வியாழன்

மேட்டில் ஏறிச் சங்கரனைக் கூப்பிட்டேன். வண்டியை ஒரு வாரம் தள்ளிப்போட முடியுமா என்று கேட்டேன்.

"இல்ல மேடம், அதுக்கப்புறம் தீவாளி. லீவும் கெடையாது. சாவிய வீட்டுக்காரம்மாகிட்ட வாங்கிக்கிடுதோம். நீங்க ஒண்ணும் யோசிக்காதீக, ஒங்க பொருள்ல கை வைக்க மாட்டோம்."

"ஜன்னலில் கல் இருக்கும். அதை மட்டும் விட்டுடுங்க."

"கல்லா?" கொஞ்சம் சிரித்தான். "சரி மேடம். கட்டிலு?"

மழை தூற ஆரம்பித்தது. போனைத் துணியால் மூடிக்கொண்டேன்.

"சின்ன ரூமில் கிடப்பது," என்றேன். "அது கோமதியோடது."

இன்றைக்குச் சொன்னது சௌகரியமான பதில். வேறொன்றும் இல்லை. யோசிக்கவும் நேரமில்லை, ரிக்கை நகர்த்த ஆள் போதவில்லை என்று நானும் கை கொடுக்க வேண்டியிருந்தது.

நவம்பர் 5, ஞாயிறு

துளை போட்டோம். காலையிலிருந்து மாலைவரை.

நவம்பர் 7, செவ்வாய்

நினைத்தபடியே. ஐந்திலிருந்து ஏழரைவரை உருண்டைப் பாறை, பிறகு களி. மறுபடி ஒரு சின்ன உருண்டை, மறுபடி களி. உண்மையான பாறை பதினேழாவது மீட்டரில்தான் வந்தது. களி வந்த இடத்தில் தண்ணீரைக் குறைத்து, குழாயை மெல்ல இறக்கி, கொஞ்சமாவது மேலே கொண்டுவந்துவிட்டார் வேலாயுதம். விரலில் எடுத்தால் வெண்ணெய். மழை இறங்கினால் மேலே இருப்பது மொத்தமும் இதன்மீது வழுக்கும்.

வராத இடங்களில் கட்டைகளை அவரே வெட்டி, அவரே எழுதி வைத்தார். பெட்டியில் கல்லைவிடக் கட்டை அதிகம்.

நவம்பர் 9, வியாழன்

லைனுக்குப் போய் நானே சொன்னேன். அறிக்கை மேலே போய், மேலேயிருந்து ஒரு தாள் வந்து தெரிவதைவிட இது நல்லது என்று தோன்றியது. நான்காவது துளையின் பெட்டி தப்பாக அடுக்கப்பட்டது, மறுபடி போட்டோம் என்றும் சொன்னேன். அடுக்கியது யார் என்று சொல்லவில்லை. வேலாயுதம் கூட்டத்தின் பின்னால் நின்றுகொண்டிருந்தார்.

நடுச்சரிவில் வீடு கூடாது. மேட்டிலும் ரோட்டோரத்திலும் பாறை இருந்தாலும் வீடு கட்ட இடம் போதாது. கீழே, சுடுகாட்டுப் பக்கத்தில் பாறை நன்றாக இருக்கிறது. அங்கே பாதி வீடு கட்டலாம்.

லோகநாதன் என்ற பையன், கோத்தகிரியில் ஆட்டோ ஓட்டுகிறவன், எழுந்தான். "பாதிப் பேருக்கு வீடு, பாதிப் பேரு லைன்லயே கெடக்கணுமா? யாரு யாருன்னு நீங்களே சொல்லிட்டுப் போங்க மேடம்."

கல்லைப் பற்றித்தான் எனக்குத் தெரியும் என்றேன். அது பதில் இல்லை என்று எனக்கே தெரிந்தது.

"போன வாரம் நல்ல கல்லுன்னாங்க, இந்த வாரம் இல்லங்கிறாங்க," என்று ஒரு பெண் சொன்னாள். யோகம்மாவின் மருமகளாக இருக்க வேண்டும், பையில் துணி அடைத்து வைத்திருந்தாள். யோகம்மா என்னைப் பார்க்கவே இல்லை.

இரவுச் சாப்பாடு வரவில்லை. நானும் எதிர்பார்க்கவில்லை. பிஸ்கட் இருந்தது.

நவம்பர் 12, ஞாயிறு

தீபாவளி. ரிக் ஆட்கள் மூவரும் ஊருக்குப் போய்விட்டார்கள். போகும்போது வேலாயுதம் அந்தப் பழைய கட்டையின் ஒரு பாதியை என் மேசைமேல் வைத்துவிட்டுப் போயிருக்கிறார், பென்சில் எழுத்தை இழைத்து எடுத்துவிட்டு. ஏன் என்று சொல்லவில்லை. பையில் போட்டுக்கொண்டேன்.

எனக்கு ஜீப் செவ்வாய்க்கிழமைதான். மழை நின்றிருக்கிறது. சரிவு அப்படியேதான் நிற்கிறது, ஒரு கல்கூட நகரவில்லை. நாளைக்கு நகருமா, இன்னும் முப்பது வருடம் கழித்தா, எனக்குத் தெரியாது. நகரும் என்பது மட்டும் தெரியும். அதை வைத்துக்கொண்டு ஒருவர் எதிரில் நிற்பது எவ்வளவு கஷ்டம் என்று அந்தச் சரிவுக்குத் தெரியாது.

பத்து மணிவாக்கில் கதவு தட்டும் சத்தம். யோகம்மா. கையில் மூடிய தட்டு.

"எனக்கு வேண்டாம் யோகம்மா," என்றேன். "இந்த வருஷம் தீபாவளி இல்லை."

"ஏன், வீட்டுல யாரும் தவறிட்டாங்களா?"

"ஆமாம்."

"அம்மாவா?"

"இல்லை. கூட இருந்தவங்க."

"கூடன்னா, என்ன வேணும் ஒங்களுக்கு?"

அக்கா வேணும், நாத்தனார் வேணும், சித்தி வேணும் என்று இந்தக் கேள்விக்கு எத்தனையோ பதில் இருக்கிறது. அதில் ஒன்றும் எங்களுக்குப் பொருந்தாது. அவள் என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பாறையைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாளே, அன்று பார்த்த மாதிரி.

"எழவு வீட்டுல பலகாரம் சுடக்கூடாது," என்று தட்டை மேசைமேல் வைத்தாள். "அடுத்த வீட்டுக்காரங்க குடுக்கணும். அது மொற."

"உங்க மருமகள்?"

"நேத்தே போயிட்டா." சேலைத் தலைப்பால் தட்டின் ஓரத்தைத் துடைத்தாள். "கீழ கட்டுறதுல எங்க பேரு வந்தா வருவாளாயிருக்கும். சாப்புடுங்க இஞ்சினியரம்மா. தட்ட வெறுமனே திருப்பிக் குடுக்காதீங்க, ஒரு சீனியாவது போடுங்க."

அவள் போன பிறகு அழுதேன். ஜூலைக்கு அப்புறம் முதல் தடவை. அதிரசம் கொஞ்சம் கருகியிருந்தது, எல்லாவற்றையும் தின்றேன்.

நவம்பர் 15, புதன், திருச்சி

பூட்டைத் திறந்ததும் எதிரொலி கேட்டது. சாமான் குறைந்தால் வீடு எப்படிப் பேசும் என்று இத்தனை நாள் தெரியாமல் இருந்தேன்.

பீரோ இல்லை. சின்ன அறையில் கட்டில் கிடந்த இடத்தில், துவைத்த துணியெல்லாம் அழகாக மடித்துத் தரையில் தாள் விரித்து வைக்கப்பட்டிருந்தது. சங்கரனின் மனைவி மடித்திருப்பாள். பெரிய கட்டில் இருக்கிறது. இரண்டு தலையணையோடு.

ஜன்னலில் கற்கள் இருக்கின்றன. அரியலூரில் எடுத்த சிப்பிப் பாறை, கோமதியின் கணக்கில் அது கடல் பிஸ்கட். மைக்கா மின்னும் ஜிகினா. வெள்ளைக் கோடு போட்ட வரிக்குதிரை. நடுவில் ஒரு இடம் மட்டும் காலி. தூசியில் வட்டமாகத் தெரிந்தது. ராமேஸ்வரம் கரையில் ஒதுங்கிக் கிடந்த மிதக்கும் கல், நீச்சல்காரன். கோமதி அதை வாளியில் போட்டுப் போட்டுப் பார்ப்பாள்.

அந்த இடத்தில் வேலாயுதத்தின் கட்டையை வைத்தேன். சரியாக இருந்தது.

பிறகுதான் ஆணியைப் பார்த்தேன். வாசற்கதவுக்குப் பின்னால் உள்ள ஆணி. விசில் தொங்கும் இடம். கல்லை விடச் சொன்னேன், கட்டிலைச் சொன்னேன். விசிலைக் கேட்கத் தோன்றவே இல்லை. ரிக்கில் நின்றுகொண்டு ஞாயிற்றுக்கிழமை முழுவதும் வேறொன்றும் நினைக்காமல் களிமண்ணைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

சங்கரனைக் கூப்பிட்டேன்.

"வந்துட்டீகளா மேடம்? ஒரு கல்ல மட்டும் எங்க பிள்ள எடுத்துக்கிட்டா, மன்னிக்கணும். அத்தை கொண்டாந்து காட்டுன மிதக்குற கல்லுன்னு ஒரே அடம்."

"பரவாயில்லை, அவகிட்டயே இருக்கட்டும்." பிறகு சொன்னேன். "சங்கரன், அன்னைக்கு நான் சொன்னது தப்பு. சின்ன ரூம் கட்டில் கோமதியோடது இல்லை."

"அப்பம் ஒங்களோடதா? அடடா. மாத்திக் கொண்டாந்து—"

"என்னோடதும் இல்லை. அதில் யாரும் படுத்ததில்லை."

அவன் பக்கம் எங்கேயோ டி.வி. ஓடிக்கொண்டிருந்தது.

"பெறவு எதுக்கு வாங்குனீக?"

"யாராவது வந்தால் காட்ட."

வைத்துவிடுவான் என்று நினைத்தேன். வைக்கவில்லை. டி.வி.யை யாரோ அணைத்தார்கள், அல்லது அவன் வேறு அறைக்குப் போனான்.

"காரியத்தன்னைக்கு," என்று ஆரம்பித்து நிறுத்தினான். "காரியத்தன்னைக்கு நீங்க செருப்புக் கெடக்குற எடத்துலயே நின்னுக்கிட்டு இருந்தீக. நாந்தான் உங்களுக்குக் காப்பி கொண்டாந்து குடுத்தேன்."

"ஆமாம்."

"உள்ள வாங்கன்னு ஒருத்தரும் சொல்லல."

"இல்லை."

அவன் என்ன நினைத்துக்கொண்டிருந்தான் என்று எனக்குத் தெரியாது. கோபமாக இருக்கலாம், வெட்கமாகவும் இருக்கலாம். எனக்கு மட்டும் ஒரு சுமை இறங்கியதுபோல் இருந்தது. இதைச் சொல்லத்தான் பயந்தேன், பதினேழு வருடமும்.

விசிலைக் கேட்கலாமா என்று யோசித்துக்கொண்டிருந்தபோதே அது கேட்டது. அவன் வீட்டுக்குள் எங்கேயோ, குழந்தை ஊதுகிறாள். நீளமாக, ஒழுங்கில்லாமல், மூச்சு முடியும்வரை.

"ஏ பிள்ள, பேசிக்கிட்டு இருக்கேன்லா," என்று சங்கரன் அதட்டினான். "வச்சிருதேன் மேடம், இவ சத்தம்—"

"வைக்காதீங்க," என்றேன். "இன்னும் ஒரு தடவை ஊதச் சொல்லுங்க."